இறக்காத கியர்பாக்ஸ்

டி-யில் போட்டதும் முதுகில் ஒரு குத்து,
சூடேறினால் மூன்றிலேயே நின்றுகொள்கிறது
என்றார் வந்தவர்.
கோயம்பேடு பாலம் ஏறும்போது
பின்னால் தண்ணி லாரி,
ஹாரன்,
முன்னால் இவரும் மூன்றாவது கியரும்.
பெட்டியையே மாற்றச் சொன்னார்களாம் கம்பெனியில்.
இரண்டே கால் லட்சம்.
பெயர் ஹரிஹரசுதன். வங்கியில் கடன் பிரிவு.
எதையும் எழுத்தில் கேட்கிறவர்.

பாடி லூகாஸ் ஸ்டாப்புக்குப் பின்சந்தில் என் ஷெட்.
காலையில் பெய்த மழை இன்னும் வடியவில்லை.
செங்கல் மேல் செங்கலாய்த் தாண்டி வந்து
ஸ்டூலில் உட்கார்ந்தார்.
வண்டியை ஓடவிட்டேன்.
ஆறின எண்ணெய் அளவில் பொய் சொல்லும்.

குச்சியை உருவி வெள்ளைத் துணியில் துடைத்தேன்.
டிகாஷன் நிறமென்றால் கிளட்ச் தட்டு கருகியிருக்கும்.
ரோஸ்மில்க் நிறமென்றால் உள்ளே தண்ணீர்.
வெள்ளம் வந்த வருஷம்
வேளச்சேரி வண்டிகள் வரிசையாக
ரோஸ்மில்க் கொண்டுவந்தன.
இது சிவப்பு.
முகர்ந்தேன், அடிப்பிடித்த வாசனை இல்லை.
விரலிடுக்கில் தேய்த்தேன், நெருடவில்லை.
உள்ளே யாரும் சாகவில்லை.

"இறக்கிடலாமா?" என்றார் சுதன்.

ஆறு வருஷம் முன்பு இதே குத்து, இதே மூன்று.
காஜா நஜ்முதீன்,
வெள்ளைக்காரர்களை மாமல்லபுரம் கூட்டிப்போகிறவர்,
சொல்லி முடிக்குமுன் இறக்கிவிட்டேன்.
நான்கு நாள்.
தட்டுகள் மாற்றி, ரப்பர் வளையம் மாற்றி,
வால்வு பாடியின் சந்துபொந்தெல்லாம் பிரஷ் விட்டுக் கழுவி
அறுபத்திரண்டாயிரம்.
மாட்டி ஓட்டினால்
அதே மூன்று.
ராத்திரி பதினொன்றுக்கு
பேட்டரித் தட்டுக்கு அடியில் கண்டேன்,
பெருச்சாளி கடித்த ஒரே ஒரு ஒயர்.
ஒட்டினேன்.
பில்லைத் திருத்தவில்லை.
பெருநாளுக்குப் பெருநாள் பிரியாணி கொடுத்தனுப்பினார் காஜா,
மூன்று வருஷம்.
எலும்புவரை உறிஞ்சிச் சாப்பிட்டேன்.
போனில் இன்னும் இருக்கிறார்,
'காஜா கியர்பாக்ஸ்' என்று.

சந்தேகம் தட்டினால்
வண்டியின் மூளை மற்ற கியர்களைப் பூட்டிவிட்டு
மூன்றை மட்டும் கையில் கொடுக்கும்.
வீடு போய்ச் சேர அது போதும்.
அப்படியே ஆறு வருஷம்கூட ஓட்டலாம்,
என்னைக் கேட்டால்.

ஸ்கேனரைச் சொருகினேன்.
சோலனாய்டு என்றது.
யார் கத்தினார்கள் என்று சொல்லும் அது,
யார் அடித்தார்கள் என்று சொல்லாது.
பெட்டியின் பிளக்கில் மீட்டரை வைத்தேன்.
பதினான்கு ஓம், சரியாக.
மூளைப் பக்கமிருந்து அதே ஒயரை அளந்தால்
முள் எழும்புகிறது, விழுகிறது, எழும்பவே மாட்டேன் என்கிறது.
ஆக, நடுவழியில்தான் வழக்கு.

பேட்டரியைத் தூக்கினேன்.
சீட்டுப் பஞ்சில் மெத்தை,
அரை முறுக்கு,
ஒரு லாட்ஜ் ரசீது,
பச்சை பூத்த செம்பு.
சுரண்டிப் பற்றவைத்துச் சுருங்குகுழாய் போட்டு
பக்கத்தில் புகையிலைக் கட்டு ஒன்று கட்டினேன்.

அம்பத்தூர் எஸ்டேட் வரை ஓட்டிப் பார்த்தோம்.
ஒன்று. இரண்டு. மூன்று.
சுதன் மூச்சைப் பிடித்தார்.
நான்கு,
ஐந்து,
ஆறு எப்போது விழுந்ததென்று தெரியவில்லை.
தெரியாமலிருப்பதுதான் ஆட்டோமேட்டிக்.

பொருளுக்கு முந்நூற்று நாற்பது, கூலி எண்ணூறு.
"அவ்வளவுதானா?"
முகம் விழுந்துவிட்டது.
"பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கலையே.
கேரண்டி எழுதித் தருவீங்களா?"
எழுதிக் கொடுத்தேன்.
எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்தித் தரச் சொன்னார்.
நூற்று நாற்பதைக் குறைத்துக்கொண்டார்.

மூன்றாம் நாள் மெசேஜ்:
வண்டி அருமையாக ஓடுகிறது சார்.
இருந்தாலும் மனசு கேட்கவில்லை,
ஒருமுறை இறக்கிப் பார்த்துவிடலாமா,
செலவு பரவாயில்லை.

வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
சம்மதம் என்று அடித்தால்
கை கூசாமல் வரும் அறுபத்திரண்டாயிரம்.

புகையிலையை மாசம் ஒருமுறை மாற்றுங்கள்
என்று பதில் போட்டேன்.